பெப்ரவரி பதினொன்று

நான் பிறந்தது ஐப்பசியில், அடைமழைக்குள்.
பெப்ரவரி பதினொன்று
பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன அன்று
ஐயா வாய்க்கு வந்தபடி சொன்ன திகதி.
அந்தப் பொய்யில்தான் எனக்கு வயது ஏறுகிறது.
ஐந்து வருடத்துக்கு ஒருமுறை
ஒன்ராறியோ மாகாணம்
அந்தப் பொய்யில்தான் என் லைசென்ஸை முடித்துவைக்கிறது.

பயணம் மார்ச் மூன்று.
ரொறொன்ரோ, ஒஸ்லோ, பிறகு
விசிறி வைத்த குட்டி விமானத்தில் வாட்சோ.
பெட்டிக்குள் மிளகாய்த்தூள் வைத்தாயிற்று,
தம்பிக்குக் கம்பளிக் காலுறை வைத்தாயிற்று.
லைசென்ஸைத் திருப்பிப் பார்த்தது
ஜனவரி இருபத்தொன்று இரவு,
மருந்துக் கடை வரிசையில், வேறெதற்கோ.

விடிய முதல் ஸ்காபரோ பிளாசாவில் நின்றேன்.
பல்வைத்தியருக்கும் ரொட்டிக் கடைக்கும் நடுவே அலுவலகம்.
கதவு திறக்க இன்னும் நாற்பது நிமிடம்.
எனக்கு முன்னால் பதினொரு பேர்
உப்புத் தூவிய நடைபாதையில்
காலை மாற்றி மாற்றி ஊன்றியபடி.

கவுண்டரில் டெல்ஃபினா என்று பெயரட்டை.
மங்களேஸ்வரியை மூன்று இடத்தில் முறித்து
மரியாதையாக ஒட்டிக் கூப்பிட்டாள்.
"சிரிக்கக் கூடாது" என்றாள் கமராவுக்குப் பின்னால் நின்று.
நான் எங்கே சிரித்தேன்?
என் வாய் அப்படித்தான், மேற்பல் கொஞ்சம் முன்னுக்கு.
மூன்றாம் தரம் பல்லை உதட்டால் மூடி
கடன் கேட்கப் போனவள் மாதிரி நின்றேன்.
அதுதான் பிடித்துப்போனது கணினிக்கு.

காசு கட்டினேன். ஒரு கடதாசி தந்தாள்.
"அட்டை தபாலில் வரும். நாலு கிழமை, ஆறு கிழமை."
விரல் மடித்தேன்.
ஆறு கிழமையென்றால் மார்ச் ஐந்து.
"இந்தக் கடதாசியோடு கார் ஓடலாம்தானே?"
"இங்கே ஓடலாம்" என்றாள். "அங்கே, தெரியாது."
இந்த இரண்டு வசனமும்
கட்டுநாயக்காவில் இருந்தே எனக்குப் பழக்கம்.

தவநேசனுக்கு மீன் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம்.
முதலில் இடக்கண்ணின் நடுவில் ஒரு கறுப்பு வட்டம்,
பிறகு வலக்கண்ணிலும்.
போன மாரியில் லைசென்ஸைத் திருப்பித் தரச் சொல்லிக் கடிதம் வந்தது.
கொடுத்துவிட்டு வந்து போன் எடுத்தான்:
"கிர்க்கனெஸ் ஆஸ்பத்திரி நூற்றெழுபது கிலோமீற்றர், அக்கா.
கண்ணுக்கு ஊசி, மாதம் ஒருக்கா.
பிள்ளையள் ஒஸ்லோவில."
வேறொன்றும் கேட்கவில்லை.
நான் ரிக்கற் போட்டேன்.

எங்கள் தெருவுக்குத் தபால்பெட்டி முனையில்தான்,
பதினாறு வீட்டுக்கு ஒரு இரும்பு அலுமாரி.
பூட்டு உறைந்தால் லைட்டரால் சூடு காட்ட வேண்டும்.
வந்தது பிட்ஸா விளம்பரம்.
வந்தது தண்ணி பில்.
வந்தது வீடு விற்றுத் தரும் ஒருவருடைய படம்,
அத்தனை பல்லும் தெரியச் சிரித்தபடி.
பெப்ரவரி பதினொன்று காலையில்
வங்கி எனக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பியது.
பழைய அட்டை அன்றோடு சரி.

நேற்று இரவு அவனிடம் சொன்னேன், இன்னும் வரேல்லை என்று.
"வராட்டி பஸ்ஸில போவம்" என்றவன்
கொஞ்சம் பொறுத்து,
"ஒண்டு சொல்ல மறந்திட்டன், அக்கா.
என்ர கார் கியர் கார்."

கியர் தொட்டு இருபத்திரண்டு வருடம்.
லைசென்ஸுக்கு அது தெரியாது.
என் இடக்கால் கார் ஓடுவதையே மறந்துவிட்ட கால்.

அவனுக்கு என் மௌனம் கேட்டிருக்க வேண்டும்.
"நீ கிளச்சை மிதிச்சுப்போட்டுச் சொல்லு,
கியரை நான் போடுறன்."
"உனக்கு எப்படியடா..."
"கியர் போடக் கண் என்னத்துக்கு?"

இன்றைக்கும் தபால் வரவில்லை.
போனை மேசையில் ஸ்பீக்கரில் வைத்து
குசினிக் கதிரையில் இருந்தேன்.
இடக்காலால் மிதியடியை அமத்தி
"இரண்டு" என்றேன்.
அந்தப் பக்கம் ஏதோ கிரீச்சிட்டது.
"போட்டாச்சு" என்றான். "விடு. மெதுவா.
மெதுவா எண்டனான்."